ஓ.டி. நாளில் பிள்ளையும் படிப்பும்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் உள்ள பெரிய ஜவுளிக்கடைகளில் ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, யாரும் சம்மதம் கேட்பதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்கள், பொங்கல், ஜூன் மாதச் சீருடை சீசன், ஆடித் தள்ளுபடி என்றால் எல்லோரும் நின்றாக வேண்டும். இரவு எட்டு மணிக்குத்தான் தகவலே வரும். இந்த வேலையோடு குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்கோ தொலைநிலைப் பட்டத்துக்கோ படித்துக்கொண்டு, பிள்ளையையும் பார்த்துக்கொள்கிற பெண்கள் நெல்லையைச் சுற்றி நிறையப் பேர். கூடுதல் நேரத்தைவிட, அது எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதே அவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது.

நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். எட்டரைக்கு ஷட்டர் பாதி இறங்கும். உள்ளே இருக்கிற கடைசி வாடிக்கையாளர் கிளம்பவே ஒன்பது ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் மடிப்பு. காட்டுவதற்காக விரித்த புடவைகள் மேசையில் குவிந்து கிடக்கும். பட்டு என்றால் ஜரிகை உரசாமல், பழைய மடிப்புக் கோட்டிலேயே மடித்து, முந்தி மேலே தெரிகிற மாதிரி அட்டையில் ஏற்றி, நிற வரிசையில் அடுக்க வேண்டும். கை பழகியவருக்கும் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். நாற்பது புடவை கிடந்தால் ஒரு மணி நேரம். பிறகு ரேக் கணக்கு. ஒன்று குறைந்தால் மறுபடி எண்ணுவார்கள். கடைசியில் ஊழியர் வாசலில் பை சோதனைக்கு வரிசை. வெளியேறும் நேரத்தைப் பதிகிற பஞ்ச் மெஷின் சோதனைக்கு முன்னால் இருக்கிற கடையில் இந்த வரிசை நேரம் யார் கணக்கிலும் ஏறாது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 சொல்வது இது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. ஓ.டி.யையும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. காலை 9.30 முதல் இரவு 8.30 வரை வழக்கமான ஷிப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வைக் கழித்தால் 10 மணி நேரம். அதாவது சீசன் இல்லாத நாளிலேயே இரண்டு மணி ஓ.டி. நடக்கிறது, ஆறு நாளைக்கு 60 மணி ஆகிவிடுகிறது. மாதம் 10,400 ரூபாய், 26 நாள் என்றால் நாளுக்கு 400, மணிக்கு 50. அந்த இரண்டு மணிக்கு மட்டும் 200 ரூபாய் சேர வேண்டும். அதைச் சம்பளத்துக்குள்ளேயே அடக்கிவிட்டு, சீசன் இரவுக்குச் சாப்பாடும் 60 ரூபாய் படியும் தந்தால், டவுன் பஸ் தவறி ஆட்டோவுக்கு 150 கொடுக்கிற அன்று கைப்பணம் 90 போகிறது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். அதனால் பேட்டை, சுத்தமல்லி, சீவலப்பேரிப் பக்கம் போகிறவர்களுக்கு அரை மணி தாமதம்கூடப் பெரிய செலவு.

24 மணி நேரமும் கடை திறக்க 2019-இல் வந்த அரசாணையில், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலையில் வைக்க எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலையில் சேருகிற அன்று நீட்டுகிற தாள்களில் இந்தச் சம்மதமும் இருக்கலாம். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, உள்ளே வந்த நேரம், பை சோதனை முடிந்து வெளியே வந்த நேரம் மூன்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள். சூப்பர்வைசர் வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிற "இன்னைக்கு லேட் ஆகும்" என்பதையும் அழிக்க வேண்டாம். தொழிலாளர் துறைக்குப் போக நேர்ந்தால் இவைதான் கையில் இருக்கும். தனியாகப் போகிறவரைத் தளம் மாற்றி, விடுப்பை வெட்டி ஓய வைத்துவிடுவார்கள். நாலைந்து பேராகப் போங்கள்.

ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "அண்ணாச்சி, நிக்கோம். நிக்கணும்னா அஞ்சு மணிக்குள்ள சொல்லிருங்க, பிள்ளைக்கு ஏற்பாடு பண்ணணும்." முடியாது என்று சொல்வதைவிட இது எளிதில் நடக்கும். கவுண்டரில் நாலு பேர் இருந்தால், இரண்டிரண்டு பேராக முறை வைத்து மடிப்புக்கு நிற்கிறோம் என்று நீங்களே பட்டியல் எழுதிக் கொடுங்கள். மடிப்பு முடிந்தால் போதும் என்கிற அண்ணாச்சிமார் இதற்குச் சம்மதிப்பது உண்டு.

அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு வந்த பிறகு விடியற்காலை அடுப்பு வேலை குறைந்திருக்கிறது. சிக்கல் மாலை நாலு மணிக்கு மேல்தான். ஆச்சி வீடு பக்கத்தில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் தெருவில் ஒரு அக்காவிடம் விட வேண்டும். மாதம் இவ்வளவு என்று முதலிலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். சும்மா பார்த்துக்கொள்கிறவருக்கு மூன்றாவது மாதம் மனத்தாங்கல் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. பீடி சுற்றுகிற வீடு என்றால் தட்டும் தூளும் இல்லாத அறையில் பிள்ளை இருக்க முடியுமா என்று பாருங்கள். புகையிலைத் தூள் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. ஒரே வீட்டை நம்பாமல் இரண்டாவதாக ஒரு வீடும் பேசி வையுங்கள். அந்த அக்கா வீட்டிலும் விசேஷம் வரும், காய்ச்சல் வரும்.

பத்தரைக்குத் தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தூக்கி வந்தால் அதற்கும் தூக்கம் போகும், உங்களுக்கும் போகும். ஓ.டி. இரவில் அங்கேயே படுக்க விடுவது நல்லது. அதற்கு ஒரு செட் சீருடை, பல் துலக்கும் பிரஷ், டாக்டர் எழுதித் தந்த காய்ச்சல் மருந்தும் அளவுச் சீட்டும் நிரந்தரமாக அந்த வீட்டில் இருக்க வேண்டும். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு தருவது நாலு செட் சீருடை; ஒன்றை அங்கே வைத்துவிடலாம்.

படிப்பை ஓ.டி. முடிந்த இரவில் வைக்கவே வேண்டாம். பத்து மணி நேரம் நின்ற கால் வலியோடு வாசிப்பது மறுநாள் நினைவில் நிற்காது. (உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது; ஆள் இல்லாத நேரத்தில் தயங்காமல் உட்காருங்கள்.) காலை நாலே முக்காலிலிருந்து ஆறு வரை கிடைக்கிற நேரம் யாரும் பறிக்க முடியாதது. அதைவிடப் பெரிய வாய்ப்பு வார விடுமுறை. ஜவுளிக்கடையில் அது ஞாயிறாக இருக்காது, ஏதாவது ஒரு வேலை நாள்; பிள்ளை பள்ளியில் இருக்கும். பத்து முதல் மூன்று வரை ஐந்து மணி நேரம் முழுதாகக் கிடைக்கும். ரேஷன் கடையும் துணி துவைப்பும் அந்த நேரத்துக்குள் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் அது நடக்காது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

குரூப் 4-இல் 200 கேள்விக்கு 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி, 150 மதிப்பெண், தமிழுக்கு. அந்த 150-இல் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே காலை நேரம் முழுக்கப் பள்ளித் தமிழ்ப் புத்தகத்துக்கே. தளத்தில் போனுக்கு அனுமதி இருக்காது, அதனால் பத்துக் கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சாப்பாட்டு இடைவேளைக்கு எடுத்துப் போகலாம். கணக்குக்கு 25 கேள்வி. தள்ளுபடி மேல் தள்ளுபடியை மனத்திலேயே போடுகிறவர்களுக்குச் சதவீதம் சீக்கிரம் வரும். நேரத்தைத் தனிவட்டி, மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) பக்கம் செலவிடுங்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் தேர்வு சீருடை சீசனில் வருகிறது; டிசம்பர் தேர்வுக்கான அசைன்மென்ட் தீபாவளிக் கூட்டத்தோடு மோதும். செப்டம்பருக்குள் எழுதி முடித்துவிடுவது பிழைக்கிற வழி.

குரூப் 4 தேர்வு சனியிலோ ஞாயிறிலோதான் வரும். கடையில் கூட்டம் நெரிகிற நாள். ஹால் டிக்கெட் வந்த அன்றே நகலோடு விடுப்புக் கடிதம் கொடுத்து, கொடுத்ததைப் படம் பிடித்து வையுங்கள். வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு அந்த 1947 சட்டத்திலேயே இருக்கிறது. தேர்வு மையத்தில் 9 மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ் குறைவு. முந்திய இரவே பிள்ளையை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் கிளம்புங்கள்.