கரைக்கு இடம் கேட்பது

சிங்கப்பூரில் பூங்கா, நீர்க்கரை வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். எந்த வரைபடத்தை விரித்தாலும் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி, "வேலி எங்கே?" என்பதுதான். நியாயமான கேள்வி. குழந்தைகள் ஓடியாடும் இடம், அதுவும் திடீர் மழை கொட்டும் ஊர்.

அதனால், குழுவில் புதிதாகச் சேர்பவர்களை பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக நேர்கோட்டில் ஓடியது. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் அடுக்குமாடி வீடுகள். மழைநீரைச் சீக்கிரம் கடத்திவிடுவதுதான் கால்வாயின் வேலை. பிறகு நீரையும் வடிகால்களையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்தன. 2012இல் பூங்காவுக்குள்ளேயே வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறு கிடைத்தது.

அங்கே போனதும் நான் காட்டுவது, வேலியின் வேலையைச் செய்யும் கரையின் சரிவை. புல்வெளி மெல்லச் சாய்ந்து தண்ணீரில் இறங்குகிறது. மழை வலுத்தால் ஆறு பூங்காவுக்குள் அகலமாகப் பரவும். கரையில் இருப்பவர் மேட்டுக்கு நடந்து ஏறிவிட அவகாசம் இருக்கும். எச்சரிக்கை விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் உண்டு. மண் அரிக்காமல் இருக்கச் சுள்ளிக் கட்டுகளைக் கரையில் பதித்து, கல் அடுக்கி, செடி நட்டிருக்கிறார்கள். வேர் பிடிக்கப் பிடிக்கக் கரை இறுகும். சிமெண்ட் பூச்சுக்கு நாளாக ஆக வலு குறையும், இதற்குக் கூடும். இந்த ஒரு கணக்குக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

ஆற்றின் குறுக்கே நடைகற்கள் உண்டு. ஒருநாள் மாலை ஒரு பாட்டி செருப்பைக் கையில் பிடித்தபடி கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேரன் குந்தி, விரலிடுக்கில் நழுவும் குட்டி மீன்களைத் துரத்திக்கொண்டிருந்தான். கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் நின்று பார்க்கும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி தெரியவே தெரியாது. பிற்பாடு அவனிடம் ஆற்றைக் காப்பாற்று என்று சொல்லி என்ன பயன்?

சரி, எல்லா இடத்திலும் இதைச் செய்ய முடியுமா? தட்டையான சரிவுக்கு அகலமான நிலம் வேண்டும், நகரத்தில் அதுதான் கிடைக்காத பொருள். பீஷானில் கால்வாய் ஓர் அமைப்பின் பொறுப்பு, பூங்கா இன்னோர் அமைப்பின் பொறுப்பு. இரண்டையும் ஒரே நிலமாகப் பார்க்கச் சம்மதித்ததால்தான் பூங்காவே வெள்ளம் பரவும் வெளியாக முடிந்தது. அதனால் இப்போதெல்லாம் வடிகாலை வரைவதற்கு முன்பே, அதை ஒட்டிய மைதானமும் பள்ளித் திடலும் யார் கையில் இருக்கின்றன என்று விசாரித்துவிடுகிறேன். அவர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கிறேன்.