ஜிம்மியின் பின்பக்கம்: ஒரு நாட்குறிப்பு

13 அக்டோபர் 2024, ஞாயிறு

காலையிலிருந்து எங்கள் நாய் ஜிம்மி முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தபடியே கூடத்தைச் சுற்றி வருகிறான். இடையிடையே நின்று வாலடியை நக்குகிறான். அம்மா ஒரு பார்வையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "பூச்சி கடிக்குலே. வேப்பங்கொழுந்த அரைச்சு ஊத்து." எதிர்வீட்டு அண்ணாச்சியும் பூச்சி என்றுதான் சொன்னார். பாளையங்கோட்டையில் நாய் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது வாடையால். அவன் படுத்து எழுந்த சாக்கில் அழுகின மீன் வாடை. புரட்டாசி என்பதால் வீட்டில் மீன் வாங்கியே நாளாகிறது. புழுவுக்கு இப்படி ஒரு வாடை உண்டென்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

15 அக்டோபர், செவ்வாய்

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டதும் வாலைத் தூக்கிப் பார்த்தார். நாயின் ஆசனவாய்க்கு இருபுறமும், கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கிற இடத்தில், தோலுக்கு அடியில் இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் ஊறும் நாற்றமடிக்கிற திரவம்தான் ஒரு நாயை மற்ற நாய்க்கு அடையாளம் காட்டுவது. தெருவில் இரண்டு நாய்கள் சந்தித்தால் பின்னால் போய் மோப்பம் பிடிப்பதில் இதற்கும் பங்குண்டு. மலம் கெட்டியாக வரும்போது அந்த அழுத்தத்தில் பை தானாகக் கொஞ்சம் காலியாகும். மலம் இளகலாகவே போனால் அழுத்தம் கிடைக்காது. திரவம் தேங்கி இறுகிவிடும். பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்கள், எடை கூடினவை, தோல் ஒவ்வாமை உள்ளவை எல்லாம் இதில் அதிகம் மாட்டும். ஜிம்மிக்கு முதல் இரண்டும் பொருந்தும்.

கையுறை போட்டு, விரலில் ஜெல்லி தடவி, மெதுவாக அழுத்தி எடுத்தார். வலது பையிலிருந்து நீர்த்த பழுப்பு நிறத்தில் வந்தது. அது சரியான பதமாம். இடதிலிருந்து கெட்டியான பசையாக, வருவேனா என்று வந்தது. அறை முழுக்க அந்த மீன் வாடை. சீழோ ரத்தமோ இல்லை, அதனால் மருந்தும் இல்லை. விரலைச் சற்று நேரம் உள்ளேயே வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "கட்டி எதுவும் தட்டுப்படல சார்" என்றார். ஜிம்மிக்கு 7 வயது. வயதான நாய்களுக்கு இந்தப் பையில் புற்றுக்கட்டி வரலாம். சிலவற்றுக்கு அது ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டிவிடும், நாய் தண்ணீரை நிறையக் குடித்து நிறைய மூத்திரம் போகும். அப்படி ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டார்.

அப்புறம் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "மலம் எப்படிப் போறான்?" இளகலாக, சில நாள் சளியோடு. காலையில் பால், மதியம் தயிர்சாதம் என்று அம்மாவின் கவனிப்பு. ஆனாலும் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லாமல், மலத்தையும் ஒரு தடவை சோதித்துவிடலாம் என்றார்.

17 அக்டோபர், வியாழன்

அன்றைக்கே போன மலத்தில், மண் ஒட்டாத பாகமாகக் கொஞ்சம் எடுத்து மூடியுள்ள டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடர்த்தியான உப்புக் கரைசலில் கலக்கி வைத்தால் புழு முட்டைகள் மேலே மிதக்கும், அதைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். கொக்கிப்புழு முட்டை இருந்தது. ஆக, அம்மாவுக்குப் பாதி வெற்றி. அதையும் சொல்லிக்காட்டிவிட்டாள்.

ஆனால் கதை அம்மா சொன்ன வழியில் போகவில்லை. கொக்கிப்புழு இருப்பது சிறுகுடலில். சுவரைக் கவ்வி ரத்தம் உறிஞ்சும். முற்றினால் ஈறு வெளுக்கும், மலம் தார் மாதிரிக் கறுக்கும், குட்டியாக இருந்தால் செத்தே போகும். அது நேராக ஆசனவாயைக் கடித்து அரிப்பெடுக்கவில்லை. வயிற்றைக் கெடுத்தது, மலம் இளகியது, பை காலியாகவில்லை, அதனால் தேய்த்தான். பால் செய்ததும் அதே வேலைதான். அண்ணாச்சி சொன்னபடி கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் புழு போயிருக்கும், இடது பை இறுகினபடியே கிடந்திருக்கும்.

அவன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன், ரோஸ் நிறமாகத்தான் இருக்கிறது. கறுப்புத் திட்டுள்ள இடத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ரோஸ் பகுதியாகப் பார்க்க வேண்டும்.

இந்தப் புழுவின் லார்வா ஈரமண்ணில் கிடந்து பாதத்தோல் வழியாகவே ஏறும். மனிதர் காலிலும் ஏறி, தோலுக்கடியில் வளைந்து வளைந்து அரிக்கிற சிவப்புக் கோடாக ஊரும். கொல்லையில் வெறுங்காலோடு செடிக்குத் தண்ணீர் விடாதே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பாளா தெரியவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

அவனைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறி, என் எடையைக் கழித்தேன். 9 கிலோ. டாக்டரம்மா எழுதியது பிராசிகுவான்டல், பைரான்டல், ஃபெபான்டல் மூன்றும் சேர்ந்த புழு மாத்திரை, 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கு. அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் பொதிந்து கொடுத்ததும் விழுங்கிவிட்டான்.

பூண்டு கொடுத்தால் பூச்சி விழும் என்று தெருவில் ஒரு யோசனை வந்தது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் குடிக்கிற புழு இருக்கிற நாய்க்கு அதைக் கொடுப்பதா?

1 நவம்பர், வெள்ளி

நேற்று தீபாவளி. வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒடுங்கிக் கிடந்தான். யாரோ பாவம் பார்த்துக் கறிக்குழம்புச் சோறு வைத்திருக்கிறார்கள். இன்று தண்ணியாகவே போகிறான்.

4 நவம்பர், திங்கள்

வலது பக்கம், ஆசனவாய்க்குச் சற்றுக் கீழே, சிவந்து வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு. உட்காரப் பார்க்கிறான், உடனே எழுந்துவிடுகிறான். போன தடவை சுத்தமாக இருந்த பக்கம் இது. தேங்கின பையில் கிருமி புகுந்து சீழ் கட்டிவிட்டதாம். விட்டிருந்தால் தோலைப் பிய்த்துக்கொண்டு உடைந்திருக்கும். வாலடியில் திடீரென்று ஓட்டை விழுந்து ரத்தமும் சீழும் வடிந்தால், எங்கேயோ கடிபட்டு வந்திருக்கிறது என்று நினைத்து மஞ்சள் தடவுகிறவர்கள் நிறையப் பேர்.

டாக்டரம்மா லேசாக மயக்கம் கொடுத்து, பையைக் கழுவி, மருந்து உள்ளே விட்டார். ஆன்டிபயாட்டிக், வலிக்கு நாய்க்கான மருந்து, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. வெதுவெதுப்பான வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம். நாம் போடுகிற பாராசிட்டமால், புரூஃபன் எதையும் கொடுக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

வீங்கின பையை வீட்டில் அமுக்கக்கூடாது, உள்ளேயே உடைந்து பரவும். அவர் இதைச் சொல்லும்போது எனக்கு அவன் முடி வெட்டுகிற கடை ஞாபகம் வந்தது. அங்கே ஒவ்வொரு குளியலுக்கும் கேட்காமலேயே பையையும் பிதுக்கிவிடுவார்கள், அதற்குத் தனிக் காசு. தொந்தரவே இல்லாத பையைச் சும்மா சும்மா அமுக்கினால் புண்ணாகி வீங்கி, இல்லாத வியாதி வரும் என்கிறார் டாக்டரம்மா. அடுத்த தடவை "அது வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லப்போகிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது. கூம்பை இன்னும் கழற்றவில்லை, கதவுநிலையெல்லாம் அதனால் இடி வாங்குகிறது.

பால் நிறுத்தியாகிவிட்டது. அரிசியைக் குறைத்து, அவித்த கோழியும், உப்பில்லாமல் வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு கரண்டியும். நார்ச்சத்து போனால் மலம் திரண்டு வரும். வருகிறது. கொக்கிப்புழுவுக்கு இரண்டாம் தவணையாக இன்று முதல் மூன்று நாள் ஃபென்பென்டசோல். முதல் மருந்து குடலில் இருந்ததைக் கொன்றாலும், தசையில் தூங்குகிற லார்வா பிறகு குடலுக்கு வந்து சேருமாம்.

17 நவம்பர், ஞாயிறு

வால் முடியில் வெள்ளையாக, வெள்ளரி விதை மாதிரி இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சுருங்கி நீண்டது. நாடாப்புழுவின் துண்டு!

அன்றைக்கு மலச் சோதனையில் ஏன் தெரியவில்லை? இந்தப் புழு முட்டையைத் தனித்தனியாக விடாது. துண்டு துண்டாகக் கழன்று விழும், அதுவும் தினமும் இல்லை. சோதனையில் தப்புவது சகஜம். கண்ணால் வாலடியைப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. ஆனால் போன மாதம் கொடுத்த மாத்திரையில் நாடாப்புழுவைக் கொல்கிற பிராசிகுவான்டல் இருந்ததே? இருந்தது, அது கேட்கவும் கேட்டிருக்கும். இந்தப் புழு புதிதாக ஏறி, துண்டு உதிர்க்கிற அளவுக்கு வளர இரண்டு மூன்று வாரம் போதும். ஃபென்பென்டசோல் இந்த வகை நாடாப்புழுவைத் தொடாது.

ஏறியது எப்படி? தெள்ளுப்பூச்சி வழியாக. தெள்ளின் புழுப்பருவம் அந்த முட்டையைத் தின்னும், வளர்ந்த தெள்ளை நாய் சொறிந்து கடிக்கும்போது விழுங்கும். வெள்ளைத் தாளை விரித்து, பேன்சீப்பால் அவன் முதுகைச் சீவினேன். கறுப்புப் பொடி விழுந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் செம்பழுப்பாகக் கசிந்தது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். வாசல்படியில் படுக்கிற கருப்பன் என்கிற நாயைச் சீவியிருந்தால் தாளே போதாது.

24 நவம்பர், ஞாயிறு

நாடாப்புழுவுக்கு மாத்திரை புதனன்றே கொடுத்தாயிற்று. தோள்பட்டைக்கு நடுவில், முடியை விலக்கித் தோலில், தெள்ளைக் கொல்கிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டவில்லை. சாக்கை எரித்துவிட்டு, பழைய போர்வையை வெந்நீரில் துவைத்து விரித்திருக்கிறேன். தெள்ளின் முட்டையும் கூட்டுப்புழுவும் நாய் மேல் இல்லை, தரை இடுக்கில்தான் கிடக்கின்றன. அதனால் கட்டிலடி வரைக்கும் தினம் பெருக்கல். கருப்பனுக்கும் தெள்ளு மாத்திரை, இட்லிக்குள். முகர்ந்து பார்க்கக்கூட இல்லை, லபக்.

8 டிசம்பர், ஞாயிறு

மலச் சோதனையில் ஒன்றும் இல்லை. பைகள் இரண்டும் தானாகக் காலியாகின்றன. இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புழு மருந்து, எடை பார்த்து. பை திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால் அறுவை செய்து எடுத்துவிடலாம். ஆனால் மலம் அடக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அது கடைசி யோசனைதான்.

எதிர்வீட்டு அண்ணாச்சி பேத்திக்காகத் தெருக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறார். உடம்பு எலும்பு, வயிறு மட்டும் உப்பல். நேற்று நூல் நூலாக வாந்தியெடுத்ததாம். உருளைப்புழு. குட்டிக்கு அது தாயின் வயிற்றிலேயே ஏறிவிடும், பாலிலும் வரும். அதனால்தான் பிறந்து இரண்டு வாரத்திலேயே மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். அதன் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்தால்தான் தொற்றும், ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். மண்ணில் விளையாடுகிற பிள்ளை கை கழுவாமல் தின்றால் லார்வா ஈரலுக்கோ கண்ணுக்கோ போகலாம் என்றதும் அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. நாளைக்கே டாக்டரம்மாவிடம் போகிறார். தாய்க்கும் கொடுக்க வேண்டும், அது இவர் வீட்டுப் பின்சந்தில்தான் இன்னும் மூன்று குட்டிகளோடு கிடக்கிறது. பக்கத்தில் யார் போனாலும் உறுமுகிறது. சோற்றில் வைத்தால் குட்டிகள் முந்திக்கொள்ளும். யார் போய் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.