உப்புத் தண்ணீரில் கெட்ட ஆயில் இன்ஜினை ஓட வைப்பது

ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி பக்கத்துத் தோட்டங்களில் பழைய பம்ப்செட் அறையைத் திறந்தால், கரண்ட் மோட்டாருக்குப் பின்னால் இரண்டு பிளைவீலோடு ஓர் ஆயில் இன்ஜின் இன்னும் நிற்கும். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தபின் இவற்றுக்கு வேலை குறைந்துபோனது. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போடுவதற்கு முன்னால் ஒன்றையாவது காப்பாற்றுங்கள். இங்கே எழுதுவது இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி செய்த சிஎஸ் வகையையும், அதே அமைப்பில் ராஜ்கோட்டில் செய்தவற்றையும் பற்றி: ஒற்றை சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 114.3 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 139.7 மி.மீ.

எடுத்து வந்ததும் எல்லோரும் டீசல் பம்பைத்தான் கழற்றுகிறார்கள். நம் வட்டாரத்தில் அது தப்பான தொடக்கம். இங்கே கிணற்றுத் தண்ணீரையே டெலிவரி பைப்பிலிருந்து பிரித்து இன்ஜினுக்குள் விட்டு வெளியே ஓடவிடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குள்ளும் சிலிண்டரைச் சுற்றியும் சுண்ணாம்புக் காரையாகப் படிகிறது. காரை அடைத்த இடத்தில் சூடு வெளியேறாது. இரண்டு வால்வுகளுக்கும் நடுவே ஹெட்டில் விரிசல் விழும். ஆகவே முதலில் தண்ணீர் வழி.

அதற்கும் முன்னால், ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்க்காதீர்கள். பிளைவீல் ஆரக்காலில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் வார்ப்பிரும்பு உடையும். மாற்று வீல் கிடைப்பது கஷ்டம். ஹெட்டைக் கழற்றுங்கள், வால்வைத் தள்ளும் புஷ் ராடுகளை எடுங்கள், கிராங்க் கேஸ் கதவைத் திறந்து பிக் எண்டை (கனெக்டிங் ராடின் அடிமுனை) பாருங்கள். இறுகியது பிஸ்டனா, வால்வா, பேரிங்கா என்று அப்போதுதான் தெரியும். பிஸ்டன் என்றால், அதன் தலைமேல் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கான ஏடிஎஃப் ஆயிலும் சம அளவு கலந்து ஊற்றி மூடி வையுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடிகூடக் கூடாது. சில நாள் ஊறியபின் வேப்பங்கட்டையை பிஸ்டன்மேல் வைத்துத் தட்டுங்கள். சுத்தியல் நேராக பிஸ்டனில் படக்கூடாது. சிலிண்டரை எடுக்க வேண்டி வந்தால், அடியில் இருந்த ஷிம்களை (மெல்லிய இடைத்தகடுகள்) எண்ணி அப்படியே கட்டி வையுங்கள். ஒன்று குறைந்தாலும் பிஸ்டன் ஹெட்டில் முட்டலாம்.

காரையைக் கரைக்க எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். ஹெட்டை அதில் மூழ்க வைத்து, நுரை அடங்கியதும் பழைய கரைசலைக் கொட்டிப் புதிது ஊற்றுங்கள். நடுநடுவே வளைந்த கம்பியால் துளைகளைக் குத்திவிட வேண்டும். வாரக்கணக்கில் போட்டு வைத்தால் இரும்பையும் அரிக்கும். முடிந்ததும் சலவைச் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் தடவுங்கள். பிறகு வால்வுகளுக்கு நடுவே மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் பூசுங்கள். விரிசல் இருந்தால் ஈரக்கோடு எழும். விரிசல் கண்ட ஹெட்டை சாதாரண ராடில் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும். நிக்கல் ராடு வைத்து வார்ப்பிரும்பு வேலை தெரிந்த பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

போர் தேய்மானம் பார்க்க விலையுயர்ந்த கேஜ் வேண்டாம். ஒரு பிஸ்டன் ரிங்கை போரின் மேல்பகுதியில், அது ஓடித் தேய்ந்த இடத்தில் நேராக வைத்து வாய் இடைவெளியை ஃபீலர் தகடால் அளந்து, பின் தேயாத அடிப்பகுதியில் வைத்து அளங்கள். வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்தது என்று கிடைக்கும். 0.6 மி.மீ. வித்தியாசம் என்றால் தேய்மானம் 0.19 மி.மீ. புது ரிங்குக்கு வாய் இடைவெளி 0.45 மி.மீ. வாக்கில் இருக்கட்டும். ஒட்டிப்போனால் சூட்டில் நீண்டு, போரைக் கீறும்.

டீசல் பம்பில் பிளஞ்சரும் (உள்ளே ஓடும் தண்டு) பேரலும் (அது ஓடும் குழல்) ஜோடி; வேறு பம்பின் பிளஞ்சரைப் போட்டால் அழுத்தம் நிற்காது. டீசல் பாயும் டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 டிகிரி முன்னதாக. பிளைவீல் சுற்றளவை டேப்பால் அளந்து 18 ஆல் வகுங்கள், அந்த நீளம்தான் 20 டிகிரி. விட்டம் 600 மி.மீ. என்றால் சுற்றளவு 1885, அடையாளம் 105 மி.மீ. முன்னால். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்தானா என்று பார்த்து, பிரஷர் பைப்பைக் கழற்றி, ராக்கை (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) முழு டீசலில் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். பம்ப் வாயில் டீசல் அசையும் கணம் அந்த அடையாளத்தில் விழ வேண்டும்.

ஓட்டும்போது பழையபடி கிணற்றுத் தண்ணீரை நேராக விடாதீர்கள். சுண்ணாம்புக் காரை மட்டுமல்ல பிரச்சினை, இன்ஜின் சூடே ஏறாமல் டீசல் அரைகுறையாக எரிந்து கரி பிடிக்கும். 200 லிட்டர் டிரம் ஒன்றில் ஐப்பசி மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். இன்ஜின் மேல்வாயிலிருந்து டிரம்முக்குப் போகும் குழாய் முழுக்க ஏறுமுகமாக இருக்கட்டும், தண்ணீர் மட்டம் அந்தக் குழாய் வாய்க்கு மேலேயே நிற்கட்டும். மட்டம் இறங்கினால் சுழற்சி நின்றுவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் மூன்று விஷயம் கட்டாயம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் ராக்கும் ஒட்டாமல் நகர வேண்டும். ஒட்டியிருந்தால் வேகம் கட்டுக்கடங்காது, ஏர் வாயை மூட ஒரு பலகை கையருகே இருக்கட்டும். பிளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவி இறுகியிருக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கையில் கட்டைவிரல் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும், எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு தப்பும். எஸ்ஏஇ 40 ஆயில் ஊற்றி ஓட்டி, 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அதை வடித்து, சம்பின் (ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் தேங்கிய சேற்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.