117ஆம் எண் படிவம்

பிப்ரவரி 3
என் தீசிஸுக்காகப் பல் மருத்துவ மாணவர்களிடம் கொடுத்த மன அழுத்தப் படிவங்கள் எல்லாம் வந்துவிட்டன. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். எலி வராமல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 4
117ஆம் படிவத்தைக் கூட்டினால் 40 வருகிறது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. முழு மதிப்பெண், அதாவது அழுத்தத்தின் உச்சம்! முதலில் சிரிப்புத்தான் வந்தது. படிக்காமலே வரிசையாக டிக் அடித்துக் கொடுத்துவிட்டு கேன்டீனுக்கு ஓடுகிறவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு.

ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. எல்லாவற்றுக்கும் 4 போட்டால் 40 வராது. 4, 5, 7, 8 நாலும் தலைகீழ்க் கேள்விகள். ‘நினைத்தபடி எல்லாம் நடக்கிறது என்று தோன்றியதா’ என்கிற மாதிரி. அவற்றுக்கு 4 போட்டால் 0 என்று மாற்றித்தான் கூட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தால் 24தான் வரும். 40 வந்திருக்கிறது என்றால் ஒவ்வொரு கேள்வியையும் நிறுத்தி நிதானமாகப் படித்திருக்கிறாள்.

பிப்ரவரி 5
ஊதா மை. ஒரு டிக்கூடக் கட்டத்தைத் தாண்டவில்லை.

பிப்ரவரி 6
கைடிடம் காட்டினேன். “யாராவது ஒருத்தர் அப்படி இருப்பாங்க. டேட்டாவுல ஏத்து, அடுத்ததைப் பாரு” என்றார். கதவு வரைக்கும் வந்த பிறகு, “பேர் கேக்க மாட்டோம்னு எழுதிக் குடுத்தது நீதான்” என்றார்.

நான்தான். எதிக்ஸ் கமிட்டிக்குப் போன தாளில் என் கையெழுத்துதான் இருக்கிறது. பெயர் கேட்டிருந்தால் இந்த 40 கிடைத்திருக்காது, 18 என்று போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

பிப்ரவரி 7
தாளில் இருப்பது மூன்றே விவரம்: ஃபைனல் இயர், பெண், ஹாஸ்டல். 41 பேர். மெஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்ததில் சாம்பார் ஆறிவிட்டது. பார்த்தால் எல்லாருமே 117 மாதிரிதான் இருக்கிறார்கள். ஆளுக்கு இத்தனை நோயாளிகள் என்ற கோட்டாவை அவர்கள் முடிக்க இன்னும் ஐந்து வாரம். ஒருத்தி போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்: “தாத்தா, நாளைக்கு மட்டும் வந்துடுங்க. ஆட்டோ நானே பேசித் தர்றேன்.”

பிப்ரவரி 8
அம்மா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 10
பென்னாகரம் பக்கம் கேம்ப். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஓஹிப் 14, வாயும் பல்லும் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கின்றன என்று கேட்கும் படிவம். பதினாலு கேள்வி, மிக மோசம் என்றால் 56.

முதலில் ஒரு பாட்டியின் பேரன், 22 வயது. பல் முழுக்கப் பழுப்புக் கோடு. ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டம் 2013இல்தான் வந்தது, அதற்குள் இவனுடைய முன்பற்கள் போர்வெல் தண்ணீரிலேயே முளைத்துவிட்டன. ஃப்ளோரைடு கறை, தேய்த்துப் போகாது. வலி கிடையாது. அடுத்தவர் முன்னால் கூச்சமாக இருந்ததா என்ற கேள்விக்கு மட்டும் 4. வாயைப் பொத்திக்கொண்டே சொன்னான்.

அடுத்து அந்தப் பாட்டி. வாயில் ஒரு பல் இல்லை.
“சாப்பிடக் கஷ்டமா பாட்டி?”
“களிக்கு எதுக்குக் கண்ணு பல்லு, உருண்டையா முழுங்கறதுதானே.”
“கூச்சமா இருக்கா?”
“இந்த வயசுல யாரப் பாத்துக் கூசணும்?”
பதினாலுக்கும் 0. தீசிஸில் இதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சுருக்குப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே பல் செட், மேலும் கீழும். எங்கள் கல்லூரி டப்பா.

“ஒரு புள்ள பஸ்ஸுக்குக் காசு குடுத்துக் கூட்டிட்டுப் போச்சு. அஞ்சு தடவ.”

ஐந்து தடவை சரிதான். முதல் அச்சு, இரண்டாம் அச்சு, தாடை அளவு, மெழுகில் வைத்துப் பார்ப்பது, கடைசியில் செட்.

“போட்டதுமே குத்துச்சு. சொன்னா அந்தப் புள்ள அழுதுருமேன்னு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது மூஞ்சியே செத்துக் கெடந்துச்சு.”

கீழ் ஈறில் நாக்குப் பக்கம் பழைய தழும்பு. வேனில் மைக்ரோமோட்டரை ஓடவிட்டு அந்த விளிம்பை மட்டும் இழைத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. போட்டுப் பார்த்துவிட்டு “ம்” என்றார். பேரைக் கேட்டேன். “கண்ணாடி போட்ட புள்ள” என்பதைத் தாண்டி அவருக்கு எதுவும் தெரியவில்லை.

பிப்ரவரி 11
41 பேரில் கண்ணாடி போடாதவர்களை எண்ணுவது சுலபம்.

பிப்ரவரி 13
நோயாளிகளைப் பற்றி மாணவர்கள் எழுதும் கேஸ் ஷீட் அலமாரியைத் திறந்தேன். பாட்டியின் ஷீட்டைத் தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கை தேடியது ஊதா மையை. நாலு ஷீட் புரட்டியதும் வெட்கமாகிவிட்டது. பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்டுபிடித்தாலும் என்ன சொல்லப் போகிறேன்? ‘பேர் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு உன் ஊதா மையை வைத்துப் பிடித்தேன்’ என்றா? அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள்.

பிப்ரவரி 14
நானும் ஒரு படிவம் நிரப்பினேன். கூட்டவில்லை.

பிப்ரவரி 16
ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணை ஒட்டினேன். 14416, இருபத்துநாலு மணி நேரமும். சாயங்காலம் பார்த்தால் அதன் மேலேயே மெஸ் பில் அறிவிப்பைக் குத்தியிருக்கிறார்கள். பிடுங்கிக் கீழே மாற்றினேன்.

பிப்ரவரி 18
117ஐக் கணினியில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சராசரியைப் பார்த்தேன். புள்ளிக்குப் பிறகுதான் ஏதோ அசைந்தது.

பிப்ரவரி 20
தண்ணீர் வரவில்லை. இதுவரை ஒன்பது பேரிடம் பேசியிருக்கிறேன். எதுவும் கேட்கவில்லை, டீ மட்டும். ஒருத்தி, “அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள்.