எந்தக் கடல், யார் பார்த்தது?

ராமேசுவரம் பக்கத்து மண்டபத்துக்காரர்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா. அலை அடங்கிக் கிடப்பதால் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா; அது ஆண் கடல். ஒன்றில் கால் நனைத்துவிட்டு மற்றதற்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அலை வேறு, நீரோட்டம் வேறு, சட்டமும் வேறு. இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்தச் சங்கதி எங்கள் அலுவலகத்து ஏ.ஐ. ஏஜென்ட்டுக்குத் தெரியவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. தெரியாமலேயே இருபத்திரண்டு பக்கம் எழுதிவிட்டதே, அதுதான் வருத்தம்.

நான் வேலை பார்ப்பது, கடல்பாசி எடுக்கும் பெண்களின் குழுக்களோடு இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில். நிதி கொடுப்பவர்களுக்கு அறிக்கை, அரசு அலுவலகங்களுக்கு மனு, குழுக் கூட்டத்துக்குக் குறிப்பு எல்லாம் என் மேசையில்தான் தயாராகும். ஏஜென்ட் வந்தபோது எனக்குத்தான் முதலில் நிம்மதி. கேள்வியைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தால், தானே இணையத்தில் தேடி, கட்டுரைகளைத் திறந்து, அறிக்கையாகக் கட்டி வைத்திருக்கும். எழுத்து அத்தனை சுத்தமாக இருந்ததால் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தோம். பழைய கணக்குப்பிள்ளைகளைப் பற்றி ஊரில் சொல்லும் கதைகள் அப்போதே எங்களுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்குக் கொடுத்த கேள்வி இந்தக் கரையில் பழைய கேள்வி. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்கள். மூன்று மீட்டர் சதுர மிதவை, 45 நாளில் அறுவடை. பெப்சி குளிர்பான நிறுவனம் 2000க்குப் பிறகு இதில் இறங்கியதால் ‘பெப்சி பாசி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இது பவளப்பாறைகளைக் கெடுக்கிறதா, இல்லையா? ஒரு பக்கம் இதே மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாகக் கடல்பாசிப் பூங்கா. மறுபக்கம் 1986இல் அறிவிக்கப்பட்ட, 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா. நடுவில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்கள். நிதி தர நினைத்த ஒருவர், ஆதாரத்தோடு பதில் வேண்டும் என்றார்.

‘நேர்மையாகவும் ஆழமாகவும் ஆதாரங்களின் அடிப்படையிலும் ஆய்வு செய்’ என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டது. வந்த அறிக்கையில் ‘பல ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றன’ என்ற சொற்றொடர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு எண், எண்ணுக்கு ஒரு இணைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லா இணைப்புகளையும் திறந்து பார்த்தேன். ஒன்று திறக்கவே இல்லை. ஆய்வாளர் உண்மை, இதழ் உண்மை, கட்டுரை மட்டும் இல்லை. 2023இல் நியூயார்க்கில் இப்படி ஏ.ஐ. உண்டாக்கிய, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அதைப் படித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

திறந்தவற்றில்தான் பெரிய சிக்கல் இருந்தது. செய்திக் கட்டுரைகள், தொகுப்புக் கட்டுரைகள், அவற்றை எடுத்தாண்ட வேறு கட்டுரைகள் என்று நூல் பிடித்துக்கொண்டே போனால், பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் நின்றன: மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை. குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் கப்பாபைகஸ் படர்ந்திருந்ததைப் பதிவு செய்தது அது. முக்கியமான கட்டுரை, மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒரு சாட்சி. கணக்குப்பிள்ளை அதை ஒன்பது சாட்சியாகக் கூண்டில் ஏற்றியிருந்தது. குருசடை இருப்பது ஆண் கடலில். எங்கள் பெண்கள் மிதவை கட்டுவது பெண் கடலில். 2005இல் வந்த அரசாணை பாக் விரிகுடாப் பக்கத்திலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் வளர்ப்பை அனுமதித்தது. போதாக்குறைக்கு ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் கண்டதும் ‘நம் கடற்கரையில்’ என்ற பத்திக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அங்கே 1970களில் இந்த வகைப் பாசியைக் கொண்டுபோய் விட்டதும் அது பரவியதும் உண்மைதான். ஆனால் ஹவாய் எங்கே, மண்டபம் எங்கே!

மறுநாள் கரைக்குப் போனேன். குழுவின் மூத்த அக்கா மணலில் கால் நீட்டி உட்கார்ந்து கயிற்றில் விதைப்பாசி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு பாசி, ஒரு சுருக்கு, ஒரு இழுப்பு; பேசும்போது கை நிற்கவில்லை. பாசி பாறையில் ஒட்டுகிறதா என்று கேட்டேன்.

“நான் பார்க்கவில்லை தம்பி. கொழுந்தன் சொன்னான். அவன் சங்கு குளிக்கப் போகிறவன்.”

“நீங்கள் என்ன பார்த்தீர்கள் அக்கா?”

“வாடைக்காற்றில் துண்டு துண்டாக அறுந்து போவதைப் பார்த்தேன். அது எங்கே போய் ஒட்டும் என்று கரையில் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? மிதவைக்கு அடியில் வலை கட்டு என்று சொல்கிறார்கள், கட்டுகிறோம்.”

அலுவலகத்துக்குத் திரும்பும்போது அக்கா சொன்னதை மனதுக்குள் பிரித்துப் பார்த்தேன். தான் பார்த்தது, இன்னொருவர் சொல்லக் கேட்டது, தனக்குத் தெரியாதது. மூன்றையும் அவர் கலக்கவே இல்லை. இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட இது நடக்கவில்லை.

அன்று மாலை பழைய கட்டளையை அழித்தேன். ‘நேர்மையாக’, ‘ஆழமாக’ என்பதையெல்லாம் எடுத்துவிட்டேன்; உரிச்சொல்லைக் கேட்டு யாரும் திருந்தியதில்லை, இயந்திரம் மட்டும் திருந்துமா? பதிலாக வேலையை எழுதினேன். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே எந்தக் கடல், எந்த மாதம், எந்த ஆண்டு, யார் நேரில் பார்த்து அளந்தது என்று நிரப்பு. அளந்தவர் அந்தப் பாசியை அறிமுகப்படுத்திய நிறுவனத்தைச் சேர்ந்தவரா, விற்பவரா, வெளியாளா என்றும் எழுது. முழுக் கட்டுரையையும் திறந்தாயா, சுருக்கத்தை மட்டும் படித்தாயா என்று சொல். கட்டுரையில் அதைச் சொல்லும் வாக்கியத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்து வை. இரண்டு கட்டுரைகள் ஒரே அளவீட்டைச் சொன்னால் ஒன்றாகவே எண்ணு. கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடு. காலியாக விடுவது தவறில்லை.

இவற்றில் அதிகம் பலன் தந்தது வாக்கியத்தை அப்படியே எடுத்து வைக்கச் சொன்னதுதான். அதைப் பிரதி எடுத்துக் கட்டுரைக்குள் தேடினால் அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு முறை அந்த வாக்கியம் கட்டுரையில் இல்லை. ஒரு முறை இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம் ‘எனினும்’ என்று தொடங்கியது. அதன்பின் முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் சேர்த்து எடு என்று திருத்தினேன்.

கேள்வி கேட்பதிலும் ஒரு வம்பு இருந்தது. சந்தேகம் வந்து ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். ஒரு உரையாடல் சாளரத்தில், ‘கப்பாபைகஸ் பவளத்தை எப்படி அழிக்கிறது?’ இன்னொன்றில், ‘கப்பாபைகஸ் வளர்ப்பு பாதுகாப்பானது என்பதற்கு என்ன ஆதாரம்?’ இரண்டு அறிக்கைகளும் மணிமணியாக வந்தன. இரண்டிலும் அதே 2008 கட்டுரை. முதலாவதில் அது ‘ஐயமின்றி நிறுவியது’. இரண்டாவதில் ‘ஒரு தீவோடு நின்ற அவதானிப்பு’. முதலாளி எந்தப் பக்கம் சாய்கிறார் என்று முகம் பார்த்து ஐந்தொகை எழுதும் கணக்குப்பிள்ளையை இதற்குமுன் மனிதர்களில்தான் பார்த்திருக்கிறேன். “உறுதியாகத் தெரியுமா?” என்று அதட்டினால் உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரியாகச் சொன்னதையும் மாற்றிக்கொள்ளும்.

சரி, எதிர்ச் சான்றையும் தேடு என்று கட்டளையில் சேர்த்தேன். அது வேறு வழியில் கெட்டது. எல்லாவற்றுக்கும் எதிர்த் தரப்பு தயாரிக்க ஆரம்பித்தது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. அதற்குக்கூட ‘மாற்றுக் கருத்துகளும் உள்ளன’ என்று ஒரு வரி. அந்த மாற்றுக் கருத்து யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. தராசின் இரண்டு தட்டையும் சமமாக வைக்க வேண்டும் என்று அதற்கு ஒரு ஆசை; எந்தத் தட்டில் கல் இருக்கிறது, எதில் காற்று இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. கடைசியில் உருப்பட்டது இதுதான்: தேடத் தொடங்கும் முன்பே, எதைக் கண்டால் ‘ஆம்’ என்பாய், எதைக் கண்டால் ‘இல்லை’ என்பாய் என்று எழுதி எனக்குக் காட்டு, நான் சரி என்ற பிறகு தேடு. எழுதியதை வேறொரு புதிய சாளரத்தில், எந்த முன்கதையும் சொல்லாமல், குறை கண்டுபிடிக்கக் கொடுத்தேன். தான் எழுதியதைத் தானே திருத்தச் சொன்னால் தடவிக்கொடுத்துவிடும். அந்நியன் எழுதியது என்றால் கண் திறக்கிறது.

எண்களில் ஒரு பாடம் தனுஷ்கோடியில் கிடைத்தது. வேறொரு குறிப்புக்காக 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடலோடு போன பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் பற்றிக் கேட்டிருந்தேன். இறந்தவர்கள் ஓரிடத்தில் 115 பேர், ஓரிடத்தில் 200 பேர். கணக்குப்பிள்ளை ‘ஏறத்தாழ 150’ என்று நடுவில் ஒரு எண்ணைப் போட்டுச் சமாதானம் செய்துவைத்தது. உண்மையில் 115 என்பது பயணிகள் 110, ஊழியர்கள் 5 என்ற கணக்கு. 200 என்பது டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்த மதிப்பீடு. இரண்டும் எண்ணியது வெவ்வேறு ஆட்களை. எண்கள் முரண்பட்டால் சராசரி எடுக்காதே, ஒவ்வொன்றும் எதை எண்ணியது என்று சொல் என்பது அன்று சேர்ந்த வரி. மீன்பிடித் தடைக்காலத்தை 45 நாள் என்று அது எழுதியபோது இன்னொரு வரி சேர்ந்தது. 2017 முதல் 61 நாள். இரண்டுமே ‘நம்பகமான’ பக்கங்களில் இருந்தவைதான். ஒன்றுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

தமிழிலும் தேடு என்றேன். எங்கள் பெண்கள் எடுக்கும் ஒரு பாசிக்கு மரிக்கொழுந்து என்று பெயர். கணக்குப்பிள்ளை அதன் மணத்தைப் பற்றியும், பூமாலையில் வைத்துக் கட்டுவதைப் பற்றியும் ஒரு பத்தி உருகி எழுதியிருந்தது. அந்தப் பத்தியைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். அன்று வேறு எந்த வேலையும் நடக்கவில்லை.

முடிவாக வந்த குறிப்பு நான்கு பக்கம். பல வரிகளில் ‘யார் பார்த்தது’ என்ற கட்டம் காலி. நிதி தர நினைத்தவர் போனில், “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காலிக் கட்டங்களை நிரப்ப எவ்வளவு செலவாகும் என்று கேட்டார்; அதற்கு நான் தயாராக இல்லை.

அனுப்பும் முன் ஒரு பிரதியைக் கூட்டத்தில் வாசித்தேன். அக்கா முதல் பக்கத்திலேயே நிறுத்தினார்.

“‘குடும்ப வருமானம் பாதியாகக் குறைந்தது’ என்று போட்டிருக்கிறாயே தம்பி, இது யார் பார்த்தது? எங்கள் ஊரில் குறைந்தது, பாதி இல்லை.”

கணக்குப்பிள்ளைமேல் கோபம் வந்தது. அலுவலகம் வந்து அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பழைய பிரதிகளில் தேடினேன். அதன் எந்தப் பிரதியிலும் அந்த வரி இல்லை. முன்னுரையை நான் எழுதியிருந்தேன். எங்கே படித்தேன், யாரிடம் கேட்டேன் என்று இரவு எட்டு மணி வரை யோசித்தேன். அடித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். வீட்டுக்கு ஒரு பக்கம், மாதத்துக்கு ஒரு வரி. முதல் பக்கத்தை அக்காவே நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், தடைக்காலம் முடிந்த பிறகு.