ஆஃப்ல இருந்தா ஏறுது, ஆன் பண்ணா ஏற மாட்டேங்குது

பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரமா என் லேப்டாப்போட ஒரே மல்லுக்கட்டு. ராத்திரி ஷட்டவுன் பண்ணி சார்ஜ் போட்டுட்டு படுத்தா காலைல 100 காட்டுது, சரி நல்லா இருக்குன்னு ஆன் பண்ணி எடிட்டிங்ல உக்காந்தா, ப்ளக் போட்டபடியே இருக்கு, சார்ஜ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. ரெண்டர் (எடிட் பண்ணத முழு வீடியோவா மாத்துறது) போட்டா கேக்கவே வேணாம், 62, 58, 55ன்னு கண்ணு முன்னாடியே கரையுது. கல்யாண வீடியோ ஒன்னு டெலிவரி குடுக்கணும், அன்னைக்குன்னு பாத்து எங்க ஏரியால கரண்ட் போச்சு, பேட்டரில 11 பர்சன்ட். பொண்ணு வீட்டுக்காரங்க வேற அரை மணிக்கு ஒரு தடவ போன்.

முதல்ல எல்லாரும் பண்றதத்தான் நானும் பண்ணேன். சுவிட்ச் மாத்தி பாத்தேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ கழட்டிட்டு நேரா சுவத்துல சொருகி பாத்தேன், சார்ஜர் பின்ன லேசா ஆட்டி பாத்தேன், ஜாக் லூஸ் எல்லாம் இல்ல. சில லேப்டாப்புல பேட்டரி ஆயுசுக்காக 80க்கு மேல ஏறாம நிறுத்துற செட்டிங் இருக்கும், அதையும் பாத்தேன், ஆஃப்லதான் இருக்கு. அப்படியே இருந்தாலும் 80ல நிக்குமே தவிர 55க்கு இறங்காதுல்ல.

கடைக்கு தூக்கிட்டு போனேன். ஒருத்தர் பேட்டரி போச்சு, 3200 ஆகும்னாரு. இன்னொருத்தர் கழட்டிக்கூட பாக்காம போர்டுல சார்ஜிங் ஐசி, அதாவது சார்ஜ் ஏத்துற சிப்பு, அவுட்டுன்னுட்டாரு. ஆஃப்ல இருக்கும்போது ஜம்முன்னு ஏறுதே, ஐசி போயிருந்தா அப்ப மட்டும் எப்படிண்ணே ஏறும்னு கேட்டேன், அது அப்படித்தான் தம்பின்னாரு. நன்றிண்ணேன்னு சொல்லிட்டு பைய மாட்டிட்டு கிளம்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். விண்டோஸ்லயே இருக்கு, கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர் சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட்னு சேத்து இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு ஃபைல் வரும். அதுல டிசைன் கெப்பாசிட்டின்னு ஒரு நம்பர், அது புதுசுல எவ்ளோ பிடிக்கும்ங்கறது, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு இன்னொன்னு, அது இப்ப எவ்ளோ பிடிக்குதுங்கறது. எனக்கு முக்கால்வாசிக்கு மேலயே இருந்துச்சு. நாலு வருஷ பேட்டரிக்கு இது நல்ல மார்க்குதான். அப்ப 3200 மிச்சம்.

அடுத்த நாள் காலைல ஆன் பண்ணும்போது கருப்பு ஸ்க்ரீன்ல என்னமோ நாலு வரி வந்துச்சு, வழக்கம்போல எண்டர தட்ட கை போயிருச்சு, சட்டுன்னு நிறுத்தி படிச்சா, போட்டிருக்கற அடாப்டர் 65 வாட், இந்த மெஷினுக்கு 90 வாட் வேணும், அதனால வேகத்த குறைச்சுக்கறேன்னு எழுதியிருக்கு! ரெண்டு வாரமா தினம் காலைல அது இததான் சொல்லிட்டு இருந்திருக்கு, நான் எண்டர் தட்டி அதோட வாய மூடிட்டு இருந்திருக்கேன். 40 நிமிஷ ரெண்டர் ஒன்றரை மணி நேரம் இழுத்ததும் இதனாலதான், நான் பாட்டுக்கு சாஃப்ட்வேர் அப்டேட்ட திட்டிட்டு இருந்தேன்.

அடாப்டர திருப்பி பாத்தேன். முதுகுல பொடி எழுத்துல அவுட்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர். பெருக்கினா 65 வாட். என்னோடதுல 4.62 ஆம்பியர் இருக்கணும், அதான் 90. லேப்டாப் வர்ற கரண்ட்ட முதல்ல தனக்கு எடுத்துக்கும், மிச்சம் இருந்தாத்தான் பேட்டரிக்கு. ஆஃப்ல இருந்தா 65ம் பேட்டரிக்குத்தான், அதான் ஜம்முன்னு ஏறுச்சு. கிராஃபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் சேந்து ஓடினா 65 அதுக்கே பத்தல, மிச்சத்த பேட்டரில இருந்து உறிஞ்சிடுது. வோல்ட் ஒன்னு, பின் ஒன்னு, கலர் ஒன்னு, யாருக்கு தெரியும் வித்தியாசம்.

சரி என் அடாப்டர் எங்க போச்சு? பொங்கலுக்கு தங்கச்சி பெங்களூர்ல இருந்து வந்திருந்தா. போன் போட்டு, என் அடாப்டர மாத்தி எடுத்துட்டு போயிட்டியான்னு கேட்டேன். "ஆமாண்ணா, பேக் தூக்கும்போதே இதென்ன செங்கல் மாதிரி கனமா இருக்கேன்னு நெனச்சேன்"ங்கறா. நெனச்சவ ஒரு போன் பண்ணிருக்கலாம்ல. அவளுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, வாட் கூட இருந்தா லேப்டாப் தனக்கு வேண்டியத மட்டும்தான் எடுத்துக்கும், கம்மியா இருந்தாத்தான் தகராறு.

கொரியர்ல அனுப்பினா, மூணு நாள் ஆச்சு. சொருகினேன், ரெண்டர் போட்டேன், 47, 48ன்னு ஏற ஆரம்பிச்சுது. இப்ப ரெண்டு அடாப்டர் மேலயும் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர்ல கொட்டை எழுத்துல 90, 65ன்னு எழுதி வெச்சிருக்கேன். அந்த 65 இன்னும் இங்கதான் இருக்கு, நானே வந்து எடுத்துக்கறேன், கொரியருக்கு வேற காசு குடுக்காதன்னுட்டா.