ஆய்லரும் 2147483647-உம்

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. பழைய நோட்டை எடுத்து 2147483647 பகா எண்தானா என்று பார்க்க உட்கார்ந்தேன். இது 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இருமத்தில் (0, 1 மட்டும் கொண்டு எண்ணும் முறையில்) எழுதினால் வெறும் 31 ஒன்றுகள், அவ்வளவுதான்.

இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அதுவே நாலாயிரத்துக்கும் மேல்! பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதமேதை ஆய்லர் பிடித்த குறுக்குவழிதான் அழகு: இதற்கு ஒரு பகா வகுத்தி இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும், 8-ஆல் வகுக்க 1 அல்லது 7. இப்படிச் சலித்தால் மிஞ்சுவது சுமார் 80 எண்கள்தான்.

முதலில் நிற்பது 311. வகுத்தேன், மீதி 35. அடுத்ததற்குள் கொட்டாவி வந்துவிட்டது. மனுஷன் 1772-இல், கிட்டத்தட்ட பார்வை போன நிலையில், பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு இதைப் பகா எண் என்று நிறுவியிருக்கிறார். எனக்குக் கண்ணும் கால்குலேட்டரும் இருந்தும் ஒரு வகுத்தலோடு சரி.

அப்புறம், நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழைய பகையாளி. மிகை, குறை இரண்டையும் வைத்துக்கொள்ளும் 32 பிட் முழு எண்ணின் உச்சம் இதுதான். 1970 ஜனவரி 1-இலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய கணினிகளில் 2038 ஜனவரி 19 காலை, நம்மூர் நேரம் 8:44:07-க்கு, எண்ணிக்கை இங்கே வந்து முட்டும். அன்றைக்கு லீவு போடலாமா என்று இப்போதே யோசிக்கிறேன்.